கடன்பட்டது ஆலை, கட்டுப்பட்டது தொழிலாளி

கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், காங்கயம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும் அவிநாசிபாளையத்தில் வெட்டிக்கொள்கின்றன. (வெளியூர்க்காரர்கள் இதை அவிநாசி என்று எண்ணிக்கொள்வதுண்டு. இரண்டும் வேறு வேறு. நடுவே திருப்பூர் இருக்கிறது.) பின்னலாடைத் தொழிலை ஒரே இடத்தில் நின்று பார்க்க விரும்புவோருக்கு நான் இந்தச் சந்திப்பைத்தான் சொல்வேன். நூல் மூட்டைகளை ஏற்றிய லாரிகள், துணி உருளைகளைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுசெல்லும் சிறு வேன்கள், ஆள்களை ஏற்றி இறக்கும் கம்பெனிப் பேருந்துகள், பெட்டியடித்த ஆடைகளோடு துறைமுகம் நோக்கிப் புறப்பட்ட கன்டெய்னர்கள் எல்லாம் இந்தச் சாலைகளில்தான் போகின்றன. ஐரோப்பியக் கடையொன்றில் தொங்கும் ஒரு பனியனின் முற்பிறவி முழுவதும் இங்கே கண்ணெதிரே கடந்து செல்கிறது.

‘நவீன அடிமைத்தனம்’ என்ற சொல்லை இந்த வட்டாரத்தில் உச்சரித்தால் பலருக்குக் கோபம் வரும். “இங்க யாரைச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருக்கறோமுங்க?” என்று ஒரு நூற்பாலை மேலாளர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் பொய் இல்லை. சங்கிலி இல்லை. ஆனால், சங்கிலி செய்யும் வேலையை வேறொன்று செய்ய முடியும் என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பன்னாட்டு நிறுவனங்களுக்காக ஆலைகளைத் தணிக்கை செய்ய வரும் குழுக்களுடன் மொழிபெயர்ப்பாளராகச் சில ஆண்டுகள் இந்தப் பகுதியில் சுற்றியவன் என்ற முறையில், அது என்ன என்பதை விளக்க முயல்கிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை, கட்டாய உழைப்புக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்கிறது. தண்டனை குறித்த அச்சுறுத்தல் இருக்க வேண்டும். வேலை செய்பவர் தாமாக முன்வராதவராக இருக்க வேண்டும். இந்தியா இதை 1954இல் ஏற்றுக்கொண்டது. தண்டனை என்றால் சவுக்கடி என்று பொருளல்ல. ஊதியத்தைப் பிடித்துவைப்பது, அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வது, நடமாட்டத்தைத் தடுப்பது, தனிமைப்படுத்துவது, ஏமாற்றி வேலைக்குச் சேர்ப்பது, அளவுக்கு மீறி மிகைநேரம் வாங்குவது முதலான பதினொரு அறிகுறிகளை அந்த அமைப்பு பட்டியலிட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர் என்பது அதன் மதிப்பீடு.

மாங்கல்யத்தின் பெயரால்

இந்த அறிகுறிகளில் பாதியையாவது ஒரே குடையின் கீழ் கொண்டிருந்தது தமிழக நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’. மண வயதை எட்டாத அல்லது அப்போதுதான் எட்டிய ஏழைப் பெண்கள் மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும். அதைக் கொண்டு கல்யாணத்தை முடித்துக்கொள்ளலாம். ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்றும் இதற்குப் பெயர் உண்டு. திண்டுக்கல், தேனி, மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை எனப் பல மாவட்டங்களின் வானம் பார்த்த பூமிகளில் தரகர்கள் வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்தனர். சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மற்றும் மிகவும் பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் பெண்கள். பலருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவில்லை. மூன்று ஆண்டுகளும் ‘பயிற்சியாளர்’ என்றே கணக்கில் எழுதப்பட்டனர். நூல் அறுந்தால் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஏன் தேவை என்று யாரும் கேட்கவில்லை.

மொத்தத் தொகை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தாறு மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,390 ரூபாய். இருபத்தாறு வேலை நாள்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 53 ரூபாய். ஆலை அன்பளிப்பாகத் தரும் சீதனம் அல்ல இது. அன்றன்றைக்குக் கொடுத்திருக்க வேண்டிய கூலியிலிருந்து 53 ரூபாயைக் கழித்துச் சேர்த்துவைத்து, மூன்று ஆண்டுகள் கழித்து வட்டியில்லாமல் திருப்பிக் கொடுப்பது. ஓர் ஆலையில் இப்படி 400 பெண்கள் இருந்தால், சிலர் புதிதாகச் சேர்ந்திருப்பார்கள், சிலர் முடிக்கும் தறுவாயில் இருப்பார்கள். சராசரியாக ஒருவருக்கு 25,000 ரூபாய் என்று கொண்டால், எந்த நாளிலும் அந்தப் பெண்களின் ஒரு கோடி ரூபாய் ஆலையின் கையில் இருக்கும். எந்த வங்கியும் இப்படிக் கடன் தராது.

முப்பத்தோராவது மாதத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும்? மேற்சொன்ன கணக்குப்படி அவள் ஏற்கெனவே ஈட்டிவிட்ட 43,000 ரூபாய் போய்விடும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தையைத் திருப்பூரில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சந்தித்தேன். மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டு ஊருக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். மூன்று ஆண்டு முடிய ஐந்து மாதம் பாக்கி. “முழுசா முடிச்சாத்தான் செட்டில்மெண்ட்டுனு சொல்லிட்டாங்க சார். மறுபடியும் சேர்ந்தா முதல்ல இருந்து எண்ணுவாங்களாம்” என்றார். அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. விதிமுறையை எனக்கு விளக்குகிறவர் போலச் சொன்னார்.

இப்போது சங்கிலிக்கு வருவோம். பழைய கொத்தடிமை முறையில் பண்ணையார் முன்பணம் கொடுப்பார். அதைத் திருப்ப முடியாத தொழிலாளி கட்டுண்டு கிடப்பார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதி விசைத்தறிக் கூடங்களில் ‘அட்வான்ஸ்’ என்ற பெயரில் இதே முறை நீண்ட காலம் நீடித்ததை அறிவோம். சுமங்கலித் திட்டம் இதைத் தலைகீழாக்கியது. இங்கே கடன்பட்டது ஆலை; பணம் வர வேண்டியது தொழிலாளிக்கு. ஆனாலும், நகர முடியாதவள் அவள்தான். நாள் ஆக ஆகக் கடன் கூடுகிறது; கடன் கூடக் கூட, விட்டுவிட்டுப் போவது மேலும் கடினமாகிறது. விடுதிக் கதவுக்குப் பூட்டே தேவைப்படாது. (பூட்டும் இருந்தது என்பது வேறு.)

‘அட்வான்ஸ் வாங்கினாயா?’

இந்தத் தலைகீழ் அமைப்பு சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவியது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்க அது வகை செய்கிறது. ஆனால், புகார் கொண்டுபோனால் அதிகாரியின் முதல் கேள்வி பெரும்பாலும் “எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினாய்?” என்பதாகவே இருக்கும். எதுவும் வாங்கவில்லை என்றால், “அப்படியானால் இது கொத்தடிமை இல்லை, தொழிலாளர் துறைக்குப் போ” என்பார்கள். தொழிலாளர் துறையிலோ ‘பயிற்சியாளர்’ என்ற எழுத்து குறுக்கே நிற்கும்.

உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், 1982இல் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் கூறு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்றது. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் தள்ளுவதும் ‘கட்டாயம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. ஹரியாணாவின் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகத் தொடுக்கப்பட்ட பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், 1983 டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கட்டாய உழைப்பு என்று காட்டப்பட்டுவிட்டால், அதற்குப் பின்னால் ஒரு முன்பணமோ பிற பொருளாதார ஆதாயமோ இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும். இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருந்தும், ஒரு தந்தை மகளின் கூலிக்காக வழக்கறிஞர் அலுவலகப் படியேறி இறங்க வேண்டியிருந்தது. சட்டம் இல்லை என்று இந்த விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது.

2011 மே மாதம் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் இணைந்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் மேலைநாட்டு வணிக நிறுவனங்கள் ‘சுமங்கலி’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டன. அதன் பின் அந்தச் சொல் விளம்பரத் துண்டறிக்கைகளிலிருந்து மறைந்தது. பல ஆலைகளில் முறையும் உண்மையாகவே மாறியது என்பதைச் சொல்லியாக வேண்டும். மாத ஊதியம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. விடுதிகள் முன்னைவிடத் துப்புரவாக இருக்கின்றன. வீட்டின் கெடுபிடியிலிருந்தும் குழந்தைத் திருமணத்திலிருந்தும் தப்பிக்கும் வழியாக ஆலை விடுதியைத் தேர்ந்தெடுத்த பெண்களையும் சந்தித்திருக்கிறேன். சொந்தக் கையில் முதன்முதலாகக் காசு பார்த்த மகிழ்ச்சியை அவர்கள் மறைக்கவில்லை. ஆலை வேலையே அடிமைத்தனம் என்று ஒரேயடியாகப் பேசுபவர்கள் இந்தப் பெண்களைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஆனால், இப்போது வருபவர்கள் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிஹாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறார்கள். மொழி தெரியாது. திரும்பிப் போக இரண்டு நாள் ரயில் பயணம். சில இடங்களில் ஏடிஎம் அட்டை வார்டனிடமோ தரகரிடமோ இருக்கிறது. கைபேசியை வாரத்தில் ஒரு நாள்தான் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகக் கண்காணியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும். தரகருக்கு ஆலை தலைக்கு இவ்வளவு என்று கொடுத்ததை அந்தப் பெண்ணின் ஊதியத்திலிருந்து பிடிப்பதும் உண்டு. பெயர் போனது; பிடி மட்டும் வேறு வடிவில் இருக்கிறது.

தணிக்கையாளர் நிற்கும் இடம்

இனி, ‘வழங்கல் சங்கிலி’ என்று சொல்லப்படுவது. ஒரு பனியன் திருப்பூரில் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூற்பது ஓரிடம், பின்னுவது ஓரிடம், சாயமேற்றுவது, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, வெட்டுவது, தைப்பது, காஜா பட்டன், செக்கிங் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையில். இவற்றில் பெரும்பகுதி ஜாப் ஒர்க். வெளிநாட்டு பையரின் தணிக்கைக் குழு வந்து பார்ப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தை, அதாவது தைத்துப் பெட்டியடிக்கும் ஏற்றுமதி நிறுவனத்தை. அங்கே தீயணைப்பான் இருக்கும், முதலுதவிப் பெட்டி இருக்கும், காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகும் ‘ஒன்றரை ஷிப்ட்’ ஏட்டில் ஒழுங்காக எட்டு மணி நேரமாக எழுதப்பட்டிருக்கும். விடுதிப் பெண்கள் அதிகம் இருப்பது நூற்பாலையில். அதுவரை கேள்வி போவதில்லை.

“எங்க நூல் எங்க போகுதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க, ஏஜென்ட்டுக்குத் தர்றோம், அவ்வளவுதான்” என்பார் ஆலைக்காரர். “நூல் யாரிடமிருந்து வந்தது என்று பின்தொடர இயலாது” என்பார் பையரின் பிரதிநிதி. இரண்டாவது வாதம் நிற்காது. இயற்கைப் பருத்தி என்று முத்திரையிட்ட ஆடைக்கு, நூல் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் பரிவர்த்தனைச் சான்றிதழ் கூடவே வருகிறது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் விளைந்த பருத்திக்கு எதிராக அமெரிக்கா 2022 ஜூனில் தடைச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பிறகு, பருத்தி எந்த நாட்டுச் செடியில் காய்த்தது என்பதற்கே ஆவணம் கேட்கிறார்கள். பஞ்சின் பிறப்பிடத்தை அறிய முடிகிறபோது, அதை நூற்றவளின் கூலி யார் கையில் இருக்கிறது என்பதை அறிய முடியாது என்று சொல்வது, தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பதன் மரியாதையான வடிவம்.

மேலைநாட்டுச் சட்டங்களும் ஒரே தரமானவை அல்ல. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் தாங்கள் எடுத்த நடவடிக்கைகளை அறிக்கையாக வெளியிட வேண்டும் என்கிறது. ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதி வெளியிட்டாலும் சட்டப்படி சரிதான். ஜெர்மனியில் 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைவிடக் கடுமையானது. கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைச் சந்தையிலேயே அனுமதிக்காத ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வர இருக்கிறது. அறிக்கை எழுதும் கடமைக்கும் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். ஆலை, திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியதன் விளைவாக, 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் குழுமமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கத் தரப்போடு கையெழுத்திட்டன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இதுதான். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளைக் காரணம் காட்டி அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது; செப்டம்பரில் தடை விலக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் கீழ் ஏற்கெனவே நடந்திருந்த சீர்திருத்தங்கள் அதற்குப் பெரிதும் துணைநின்றன.

இந்த ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நிறுவனம் விதிகளை மீறினால் பையர்கள் வணிகரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டிய கட்டாயம் எழுத்தில் இருக்கிறது. விருப்பம்போல் விலகிச் செல்லும் நல்லெண்ண அறிக்கை அல்ல. இரண்டு, இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் வீதம் சங்கத்தின் பயிற்சி பெற்ற தொழிலாளர்களே ஆலைக்குள் கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் வந்துபோகும் தணிக்கையாளருக்கு ஒருநாளும் தெரியவராதது, பக்கத்து மெஷினில் இருப்பவளுக்கு அன்றைக்கே தெரியும். முதல் ஆண்டில் எழுந்த 185 புகார்களில் ஏறத்தாழ எல்லாமே தீர்க்கப்பட்டதாக அறிக்கை சொல்கிறது. ஆயினும், ஓர் உயிர் போன பிறகு வந்தது. ஒரு குழுமத்தோடு நின்றது.

பக்கத்து ஆலை அதே விலைக்கு நூல் கொடுக்கும்போது நான் மட்டும் எப்படிக் கூடுதலாகக் கூலி கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. திருப்பூருக்கு இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. நொய்யலில் சாயக்கழிவு கலந்தபோது, ஒவ்வொரு பட்டறையும் இதையேதான் சொன்னது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கு மாறியவையே திறக்க முடிந்தது. விதி எல்லோருக்கும் ஒரே நாளில் வந்ததால், சுத்திகரிப்புச் செலவு விலைக்குள் ஏறியது. பையர்கள் முணுமுணுத்தார்கள், திருப்பூரை விட்டுப் போய்விடவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது தள்ளுபடி கேட்டு வந்த அதே பையர்களின் இணையதளங்களில் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான அறிக்கைகள் அழகாகத்தான் இருக்கின்றன. விலையைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இருக்காது.

விலகியவர்களின் பதிவேடு

ஆள் சேரும் இடத்திலிருந்தே தடுப்பு தொடங்க வேண்டும் என்பதில் தமிழக அரசு, ஒருவேளை இந்த நோக்கம் இல்லாமலேயே, நல்ல காரியம் ஒன்றைச் செய்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் வழங்கிவந்தது. 2022 செப்டம்பரில் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாயாகக் கிடைக்கிறது. கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்ற தூண்டிலுக்கு எதிரே, படிப்புக்கு மாதத் தொகை. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய பெண்ணின் பெயருக்கு இது கூடுதல் பொருத்தம். ஆனால், ஜார்க்கண்டிலிருந்து வரும் பெண்ணுக்கு இத்திட்டம் இல்லை. அவளுக்கு ஆலையின் வாசலில் செயல்படும் சட்டம்தான் துணை.

அந்தச் சட்டமும் இப்போது கையில் இருக்கிறது. மகளிர் விடுதிகள் பதிவுபெற வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஆலை விடுதிக்குள் மாவட்ட நிர்வாகம் நுழைய வழி தருகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குக் கடுமையான ஆட்சேபங்கள் உண்டு. அவற்றில் பலவற்றோடு நான் உடன்படுகிறேன். ஆனாலும், ஊதியத் தொகுப்பின் 17ஆம் பிரிவு, தொழிலாளி தானாக விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாள்களுக்குள் அவருக்குச் சேர வேண்டிய ஊதியம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ‘மூன்று ஆண்டு முடித்தால்தான் செட்டில்மெண்ட்’ என்ற விதியின் ஆணிவேர் இதில் அறுபடுகிறது.

தணிக்கைக் குழுக்களோடு போனபோது நாங்கள் பேசியதெல்லாம் வேலையில் இருப்பவர்களோடு மட்டுமே. மேலாளரின் அறைக்கு அடுத்த அறையில், அவர் தேர்ந்தெடுத்த பெண்களோடு. அவர்களுடைய பணம் இன்னும் ஆலையின் கையில் இருக்கிறது, என்ன சொல்வார்கள்? உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் விலகிப் போனவர்கள். எனவே, நூல் வாங்கும் ஏற்றுமதியாளரோ பையரோ தொழிலாளர் ஆய்வாளரோ ஓர் ஆலையில் முதலில் கேட்க வேண்டியது, கடந்த ஆறு மாதங்களில் விலகியவர்களின் பதிவேட்டை. எத்தனை பேர் விலகினார்கள், எந்தத் தேதியில், அவர்களின் கணக்கில் எந்தத் தேதியில் எவ்வளவு பணம் ஏறியது என்று மூன்று பத்திகள் போதும். ஒரு வங்கி அறிக்கையோடு ஒப்பிட அரை மணி நேரம் ஆகும். பிறகு, அந்தப் பட்டியலில் நாலைந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் ஊருக்கே தொலைபேசியில் பேச வேண்டும்; ஒடியாவிலோ இந்தியிலோ பேசத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, ஏன் போனாய் என்றும், வரவேண்டியது வந்ததா என்றும்.